தம்பிக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

கர்த்தருடைய கிருபையால இங்க எல்லாரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கு, கோயிலுக்கு மட்டும் எப்படியோ போயிட்டு வந்துடுறாங்க. அக்கா மகளுக்குத் திடப்படுத்தல் வகுப்பு ஆரம்பிச்சாச்சு. போன் போட்டா "அப்புறம் கூப்பிடுறேம்மா"ன்னு வச்சிடுற. அதான் எழுத உட்கார்ந்தேன். சாப்பாடு நேரத்துக்குச் சாப்பிடு.

கிறிஸ்துமஸுக்கு வந்தப்போ அடுப்படியில வந்து நின்னுக்கிட்டு, "தேவன் என்னை எதுக்குப் படைச்சார்னு இன்னும் தெரியலையேம்மா"ன்னு கேட்டியே. அச்சுமுறுக்கு கருகிடும்னு, முதல்ல குளிச்சிட்டு வான்னு விரட்டிட்டேன். ஆனா எனக்குச் சந்தோஷம்தான். உன் வயசுப் பசங்க எந்த ஏரியாவுல பிளாட் வாங்கலாம்னு கேட்டுக்கிட்டு அலையிற காலத்துல நீ இதைக் கேக்குற. பெரியப்பாகிட்டகூடச் சொன்னேன்.

அப்புறம் அக்கா ஒண்ணு சொன்னா. பெங்களூர்ல ஏதோ கூட்டத்துல ஒரு பாஸ்டர் உன் தலையில கைய வச்சு, "தேசங்களுக்குப் புறப்படுவாய்"னு சொன்னாராமே. அதை அக்கா வாயால நான் கேக்கணுமா? திங்கிறது, உடுத்துறது எல்லாம் சொல்லுவ, இதைச் சொல்ல மாட்டியா? வாக்குத்தத்தத்தைக் குறை சொல்லலை. ஆனா உன் பேரே தெரியாத மனுஷன் அஞ்சு நிமிஷத்துல சொன்னதை வச்சு ஒண்ணும் அவசரப்பட்டுடாதே.

திண்டிவனத்துல ராத்திரியில மூணு பேர் வந்து கதவைத் தட்டினது, மூணு வீட்டுலயும் பொம்பளை டாக்டர் இல்லாம பிரசவத்துல பொம்பளைங்க செத்துப்போனது, வேலூர் ஆஸ்பத்திரியை ஆரம்பிச்ச ஐடா ஸ்கடர் அம்மாவுக்கு அழைப்பு வந்தது, இதையே கன்வென்ஷனுக்குக் கன்வென்ஷன் கேட்டு, ஆளாளுக்குத் தன் கதவும் ராத்திரியிலதான் தட்டப்படணும்னு நினைச்சுக்கிறீங்க. அந்த அம்மா மறுநாளே வேலூர்ல போய் உட்காரலை. அமெரிக்காவுக்குப் போய் டாக்டருக்குப் படிச்சு முடிச்சு 1900லதான் திரும்பி வந்தாங்க. அந்தப் படிப்பு வருஷங்களைப் பத்தி எந்தப் பிரசங்கியாரும் பேசுறதில்லை.

நம்ம அசரியா ஐயாவையே எடுத்துக்கோ. வெள்ளாளன்விளையில பிறந்தவர், நமக்கு ஒண்ணும் தூரத்து ஊர் இல்லையே. ஒய்.எம்.சி.ஏ.வில வேலை பாத்துக்கிட்டேதான் 1903ல இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பிக்க முன்னால நின்னார். தெலுங்கு தேசத்துல இருக்கிற தோர்ணக்கலுக்குத் தானே மிஷனரியாப் போனது 1909ல. அதுவரைக்கும் பாத்த வேலை கர்த்தருடைய வேலை இல்லைன்னு யாரும் சொல்ல முடியுமா? அதுக்கப்புறம் 1912ல பிஷப் ஆனது வேற கதை.

அந்தச் சங்கத்துக்கு நம்ம ஜனங்க காணிக்கைதான் முதல். பாட்டி உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை அந்த மூலைப் பானையில போட்டுட்டுத்தான் அடுப்பை ஊதுவா. வீட்டுல கஞ்சி மட்டும்னாலும் அந்தப் பிடி குறையாது. சனிக்கிழமை சாயங்காலம் துணியில கொட்டி, கல் பொறுக்கி, முடிச்சுப் போட்டு வைப்பா. கோயிலுக்குத்தானேன்னு நொய்யைத் தள்ளிவிட்டா அத்தைகளுக்கு நல்லா விழும். தோர்ணக்கல் எந்தத் திசைன்னுகூட அவளுக்குத் தெரியாது. அவளைப் பத்தித் தேவனுக்கு ஒரு நோக்கமும் இல்லாமலா இருந்திருக்கும்?

ஆலயத்துல வளர்ந்த சின்னப் பையன் சாமுவேலைக் கர்த்தர் ராத்திரியில கூப்பிட்ட கதையைத்தான் நீ சொல்லுவன்னு தெரியும். மூணு தடவை கூப்பிட்டும் அவனுக்கு யார் குரல்னு விளங்கலை. ஆசாரியர் ஏலிதான் போய்ப் படுத்துக்கோன்னு சொல்லி, என்ன பதில் சொல்லணும்னும் சொல்லிக் கொடுத்தார். நீ எந்த ஏலிகிட்ட கேட்டே? நம்ம சேகரத்து ஐயர், நம்ம சபைக் குருவானவர்கிட்ட ஒரு வார்த்தை பேசினியா? கர்த்தர் பேசி முடிச்ச அப்புறம் விடியிற மட்டும் படுத்திருந்து, எழுந்திருச்சு ஆலயத்துக் கதவுகளைத் திறந்தான்னு போட்டிருக்கு பாரு. அவ்வளவு பெரிய வார்த்தையைக் கேட்டவன், காலையில அவன் வேலையைத்தான் பாத்தான். முதல் சாமுவேல் மூணாம் அதிகாரம், திரும்ப ஒரு தடவை வாசி. அவசரப்படாதே.

உன்கிட்ட என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்ல. விபிஎஸ்ல, அதான் லீவுல கோயில்ல நடத்துற பிள்ளைங்க வகுப்புல, கழித்தல் கணக்கே வராம அழுத பையன், தெற்குத் தெரு வீட்டுப் பிள்ளை, அவனைத் திண்ணையில உட்கார வச்சுப் புளியங்கொட்டையைப் பரப்பிச் சொல்லிக் கொடுத்தியே. கடன் வாங்குறதுன்னா என்னன்னு அவனுக்குப் புரியுற வரைக்கும் நீ சாப்பிட வரலை. இப்போ பாலிடெக்னிக்ல சேர்ந்திருக்கான், என்னைப் பாக்குறப்போல்லாம் அண்ணன் எப்போ வருவாங்கன்னு கேக்குறான். நற்கிரியைகளை முன்னாடியே ஆயத்தம் பண்ணி வச்சிருக்கார்னு எபேசியர்ல இருக்கே, எனக்கு அந்தத் திண்ணைதான் ஞாபகம் வருது. ஊழியத்துக்குப் போகாதேன்னு தடுக்கிற தாய் நான் இல்லை. போறதா இருந்தா சபையார் ஜெபிச்சு, தலைவாசல் வழியா அனுப்பிவைக்கப் போ. யாருக்கும் சொல்லாம போகாதே.

கோயில் அசன விருந்துக்கு வர்றியான்னு சொல்லு, அரிசிக்குப் பேர் கொடுக்கணும்.

பேங்கிலிருந்து எனக்கு மெசேஜ் வந்தது. லோன்ல நானும் கையெழுத்துப் போட்டவதானே. இந்த மாசத் தவணை போகலையாம். கையில இருந்ததைப் போட்டுக் கட்டிட்டேன், அப்பாகிட்ட மூச்சு விடலை. அடுத்த மாசமும் நான்தான் கட்டணும்னா முன்னாலேயே சொல்லிடு. சீட்டைத் தள்ளி எடுக்கணும்னா பத்தாந்தேதிக்குள்ள சொல்லணும்.

உன் அம்மா