சுசுவுக்குக் கணக்குப் பார்க்கப் போகும் மகளுக்கு

அன்பு மகள் தேன்மொழிக்கு,

டொராண்டோவில் உன்னோடு வேலை பார்க்கும் கானாப் பெண்கள், மாதாமாதம் பணம் போட்டு ஆளுக்கொரு முறை எடுக்கும் தங்கள் சீட்டான சுசுவுக்கு உன்னைப் பொருளாளராக இருக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். தாராளமாக இரு. ஆனால் நம் ஊர் ஏலச் சீட்டை மனதில் வைத்துக்கொண்டு போகாதே. அங்கே ஏலமும் இல்லை, தள்ளி எடுப்பதும் இல்லை. 12 பேர் மாதம் 200 டாலர் போட்டால், ஆளுக்கு ஒரு மாதம் 2,400 டாலர் முழுசாகக் கைக்கு வரும். முதலில் எடுப்பவளுக்கு அது வட்டியில்லாக் கடன். கடைசியில் எடுப்பவளுக்கு வட்டியில்லாச் சேமிப்பு. முந்தி எடுப்பதற்கு விலையே இல்லாததால், மனஸ்தாபம் எல்லாம் வரிசை போடுவதில்தான் வரும்.

அவர்கள் இதை விளையாட்டாகச் செய்யவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் யோருபா மக்களிடம் இருந்த எசுசு என்ற சீட்டு, அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களோடு கடல் தாண்டி, டிரினிடாடில் சுசு ஆனது. ஜமைக்காக்காரர்கள் பார்ட்னர் என்கிறார்கள், ஹைட்டியில் சோல். சோமாலியர்களிடம் ஹக்பத், எத்தியோப்பியர்களிடம் எக்குப் உண்டு. பெரும்பாலும் பெண்கள் கையில்தான் நடக்கிறது. பிரிட்டனில் குடியேறிய கரீபியன் குடும்பங்களுக்கு வங்கிகள் கடன் தர மறுத்த காலத்தில், பலர் வீட்டுக்கு முன்பணம் கட்டியது பார்ட்னர் பணத்தில்.

அமெரிக்காவில் மேகி லீனா வாக்கர் என்ற கறுப்பினப் பெண்மணி இன்னும் ஒரு படி மேலே போனார். அவருடைய அம்மா துணி வெளுத்துப் பிழைத்தவர். ரிச்மண்ட் நகரில் செயின்ட் லூக் என்ற உதவிச் சங்கத்தை 1899இல் வாக்கர் பொறுப்பேற்றபோது கையிருப்பு 31 டாலர் 61 சென்ட். கட்ட வேண்டிய பாக்கியோ 400 டாலர். 1903இல் அதே சங்கத்தின் பேரில் சில்லறைச் சேமிப்பு வங்கியைத் திறந்துவிட்டார். 1905இல் தொடங்கிய கடை மட்டும் நிலைக்கவில்லை. வெள்ளை வியாபாரிகள் சரக்கு வரவிடாமல் நெருக்கியதில் 1911இல் மூடினார்கள். வங்கி தப்பியது. மேடைப் பேச்சைவிட அவருடைய கணக்குப் புத்தகம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இனி உன் வேலை. சுசு பெரும்பாலும் உடைவது ஒரே மாதிரிதான்: மூன்றாம் மாதம் பணம் எடுத்தவளுக்கு ஐந்தாம் மாதம் வேலை போய்விடும், பொருளாளர் தன் பையிலிருந்து போட்டு மூடுவாள், இரண்டு மாதத்தில் அவளும் கையை விரிப்பாள். அதனால் புதிதாக வருபவளுக்குக் கடைசி நான்கு மாதங்களில்தான் முறை கொடு. பழைய உறுப்பினர் ஒருத்தி அவளுக்கு ஜாமீன் நிற்கட்டும். ஒரே வீட்டு இரண்டு பேருக்கு அடுத்தடுத்து முன் முறை வேண்டாம்; சம்பளம் நின்றால் இரண்டு தவணையும் சேர்ந்து நிற்கும். ஊரில் தாய் தகப்பன் இறந்து டிக்கெட்டுக்குப் பணம் வேண்டும் என்று ஒருத்தி வந்தால் முறையை மாற்றிக் கொடுக்கலாம். ஆனால் விட்டுக்கொடுப்பவளும் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

உன் சம்பளக் கணக்கில் இந்தப் பணத்தை வாங்காதே. மாதாமாதம் பல பேரிடமிருந்து வந்து மறுநாளே மொத்தமாக வெளியே போகும் பணத்தைப் பார்த்தால் வங்கி சந்தேகப்பட்டுக் கணக்கை நிறுத்தி வைக்கலாம். தனிக் கணக்கு திற, முடிந்தால் இன்னொருத்தியையும் சேர்த்துக் கூட்டுக் கணக்காக. அனுப்புகிறவர்கள் ஒவ்வொரு முறையும் "சுசு, ஜூன்" என்று குறிப்பு எழுதட்டும். சம்பளம் விழுந்த இரண்டு நாளுக்குள் வசூலை முடித்துவிடு. தள்ளிப்போனால் வாடகைக்குப் போய்விடும். ஒன்று தெரிந்துகொள்: எத்தனை வருஷம் தவறாமல் கட்டினாலும் சுசு கிரெடிட் ஸ்கோரில் ஏறாது. வீட்டுக் கடனுக்குப் போக நினைக்கும் பெண்களிடம், ஒரு கிரெடிட் கார்டை எடுத்து ஒழுங்காகக் கட்டி வரச் சொல்.

நோட்டில் பெயர், தேதி, தொகை, கையெழுத்து என்று நாலே பத்தி போதும். மாதக் கடைசியில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் போடு.

நடத்துகிறவளுக்கு முதல் முறை தரும் வழக்கம் பல இடங்களில் உண்டு. உனக்கும் தருவார்கள். வாங்காதே, பன்னிரண்டாவதைக் கேள். இடையில் யாராவது பாக்கி வைத்தால் அந்தத் துண்டு உன் முறையில்தான் விழும். அது தெரிந்தால் வசூலில் நீயும் ஏமாற மாட்டாய், அவர்களும் உன்னைச் சந்தேகிக்க மாட்டார்கள். 200 டாலர் அந்தப் பெண்களில் யாருக்காவது பாரமாக இருந்தால் முதல் சுற்றை 100இல் வைத்துப் பார்.

அன்புடன்,
அம்மா