கருவேல முள்ளும் சைக்கிள் பயணமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ராமநாதபுரத்திலிருந்து தனுஷ்கோடிக்குக் கூட்டமாகச் சைக்கிளில் செல்வோர் பலர் பாதி வழியில் நிற்பதற்குக் காரணம் வெயில் மட்டுமல்ல, சீமைக்கருவேல முள். மரக்கரி சுடும் கரிமூட்டத்துக்கு வெட்டிய கிளைகள் சாலையோரம் உதிர்ந்து கிடக்கின்றன. பஞ்சரானதும் டியூபை மட்டும் மாற்றினால் பத்து நிமிடத்தில் மறுபடியும் காற்று இறங்கும். ஏனென்றால் முள்ளின் நுனி டயருக்குள்ளேயே ஒடிந்து நிற்கும். டயரின் உட்புறம் முழுக்கப் பழந்துணியால் துடைத்து வாருங்கள். துணி சிக்கும் இடத்தில்தான் முள். அதைச் சிறு குறடால் உள்பக்கமாக இழுத்தெடுத்த பிறகே புது டியூப். ஆளுக்கு இரண்டு டியூப் வேண்டும்.

அடுத்தது காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று பாம்பன் பாலத்தில் பக்கவாட்டில் அறையும். அங்கே முன்னால் போகும் சைக்கிளின் பின்சக்கரத்தை ஒட்டி ஓட்டக் கூடாது. இரண்டு சைக்கிள் நீள இடைவெளி விட்டு ஒற்றை வரிசையில் போக வேண்டும். தனுஷ்கோடியின் நிலமுனையான அரிச்சல்முனைக்குப் போகும் சாலையில் மணல் ஏறிக் கிடந்தால் பிரேக் பிடிக்காமல், ஹேண்டிலைத் திருப்பாமல் நேராகக் கடக்க வேண்டும். தண்ணீர் மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல், உப்புச் சேர்த்து.

தனுஷ்கோடிக்கு முன்னுள்ள முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டினால் நிழலே இல்லை. அங்கு ஒரு குடிநீர்க் குழாயும் கூரையும் அமைக்கவும், வெட்டிய முட்கிளைகளை அன்றன்றே அகற்றவும் மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சைக்கிள் பயணிகள்,
ராமநாதபுரம்.