ஸ்பேனரைப் பிள்ளைகள் கையிலேயே விட்டவர்களுக்கு

எங்கள் பள்ளி ரோபோ அணிக்கு வழிகாட்டிகளாக வந்த மிச்சிகன் தமிழ்க் குடும்பத்தினர் அனைவருக்கும் வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகள் ரோபோ கட்டி மோதும் ஃபர்ஸ்ட் ரோபாடிக்ஸ் போட்டிக்கு இந்த மாநிலத்தில் மட்டும் ஏறக்குறைய 500 அணிகள் உண்டு. ஓர் அணி தளரப் பணத்தட்டுப்பாடுதான் காரணம் என்றில்லை. ஒவ்வொரு ஜூனிலும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் படிப்பை முடித்துக் கிளம்பிவிடுகிறார்கள். வயரிங்கும் புரோகிராமும் தெரிந்த கைகளும் கூடவே போய்விடுகின்றன. அடுத்த ஆண்டும் இருக்கப்போவது பெரியவர்கள்தான்.

"அணிக்கு உதவ வாருங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் யாரும் அசைவதில்லை. "செவ்வாய் மாலை 6 முதல் 8 வரை, எட்டு வாரம், வயர் முனையில் இணைப்பியை அழுத்திப் பொருத்த (கிரிம்ப் செய்ய) கற்றுத்தர வேண்டும்" என்று கேட்டதும் வந்தீர்கள். பிள்ளைகளோடு பழகும் பெரியவர்களுக்கான பின்னணிச் சரிபார்ப்பை அக்டோபரிலேயே முடித்தும் கொடுத்தீர்கள். ஜனவரியில் ஆட்ட விதிகள் வெளியான பிறகு படிவத்தோடு உட்கார்ந்தால் சீசனே கரைந்துவிடும்.

மின்பிரிவுக்கு வந்த அண்ணன்களுக்குத் தனி நன்றி. ரோபோ வேகமெடுக்கும்போது துவண்டு நின்றால் பிள்ளைகள் முதலில் புரோகிராமைத்தான் சந்தேகிப்பார்கள். நீங்களோ பேட்டரி முனையை அசைத்துப் பார்க்கச் சொன்னீர்கள். அந்த முனையின் நட்டு லேசாகத் தளர்ந்தாலே போதும்: மோட்டார்கள் ஒருசேர இழுக்கையில் 12 வோல்ட், 7-க்கும் கீழே சரியும், ரோபோவை இயக்கும் கணினியான ரோபோரியோ மோட்டார்களை நிறுத்திவிடும். ரோபோவின் பாகங்களுக்கிடையே கட்டளைகளைக் கடத்தும் கேன் (CAN) வயரில் சந்தேகமா? பேட்டரியைக் கழற்றிவிட்டு அதன் மஞ்சள் இழைக்கும் பச்சை இழைக்கும் நடுவே மீட்டரை வைக்க வேண்டும். 60 ஓம் என்றால் சரி. 120 என்றால் இரு முனையிலும் இருக்க வேண்டிய ரெசிஸ்டர் ஒரு முனையில் இல்லை, அல்லது நடுவில் எங்கோ வயர் விட்டிருக்கிறது.

நீங்களே செய்திருந்தால் ஐந்து நிமிட வேலை. மீட்டரைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் பொறுத்திருந்தீர்கள். வேலையைப் பிடுங்கிச் செய்யும் மூன்று இன்ஜினியர்களைவிட, கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தெரிந்த ஒருவரே மேல் என்பது எங்கள் கட்சி.

ரோபோவைத் தொடாதவர்களையும் மறக்கவில்லை. இரண்டு பெரியவர்கள் இல்லாமல் பட்டறையைத் திறப்பதில்லை. மூலையில் ஸ்வெட்டர் பின்னியபடி இரண்டாம் ஆளாக உட்கார்ந்த அம்மாக்கள் இல்லையென்றால் பல மாலைகளில் பூட்டே திறந்திருக்காது. ரசீதுகளைத் தேதிவாரியாக ஒட்டிவைத்த அக்காவின் நோட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.

உலோகத்தைக் கடைந்து வடிவமைக்கும் மில்லிங் மெஷின் தெரிந்தவர் மட்டும் இன்னும் அமையவில்லை. கார் கம்பெனியில் ஓய்வு பெற்றவர் யாராவது பக்கத்து வீட்டில் இருந்தால் ஒரு செவ்வாய்க்கிழமை கூட்டி வாருங்கள். பாதுகாப்புக் கண்ணாடி நாங்கள் தருகிறோம்.

நன்றியுடன்,
ரோபோ அணிப் பெற்றோர் குழு