திண்டுக்கல் பூட்டுப் பட்டறைகளுக்கு டை கூடம் கேட்டு மூன்றாவது கோரிக்கை மனு

அனுப்புநர்
பூட்டுப் பட்டறைக்காரர்கள்,
நாகல்நகர், திண்டுக்கல்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திண்டுக்கல்.

பொருள்: பூட்டுப் பட்டறைகள் பொதுவில் பயன்படுத்த டை (தகட்டை வேண்டிய வடிவில் வெட்டும் எஃகு அச்சு) செய்யும் கூடம் அமைத்துத் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் மக்கள் குறைதீர் நாளில் கொடுத்த எங்கள் இரண்டு மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நாகல்நகர், நல்லாம்பட்டி, குடைப்பாறைப்பட்டி, யாகப்பன்பட்டி பக்கம் தாங்கள் போய் வந்திருப்பீர்கள். அங்கே அரம் தேய்க்கும் சத்தம் எவ்வளவு குறைந்துவிட்டது என்பதைத் தங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் முதல் மனுவுக்கு ரசீது வந்தது. இரண்டாவது மனு உரிய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டதாக செல்போனில் குறுஞ்செய்தி வந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை. அந்த அலுவலகத்துக்கு நான்கு முறை நேரில் போய்விட்டோம். ஆகவே பணிவுடன் மறுபடியும் எழுதுகிறோம்.

1. எங்கள் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். ஆனால் கடைக்கு வருகிறவர் விலையைத்தான் முதலில் கேட்கிறார். அலிகாரிலிருந்து இயந்திரத்தில் அடித்து வரும் பூட்டின் விலைக்குக் கையால் செய்யும் பூட்டைக் கொடுக்க முடியாது. புது மாதிரிகள் செய்தால்தான் பிழைக்க முடியும்.

2. தமிழ்நாடு புத்தொழில் மற்றும் புத்தாக்கக் கொள்கை 2023இல் வந்தது. மதுரை, ஈரோடு, திருநெல்வேலியில் புதுத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு உதவும் வட்டார மையங்கள் இருக்கின்றன. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் பூட்டுக்குள் சாவி தூக்கிவிடும் தகடான லீவரின் வெட்டை மாற்றிப் போட்டுக் கள்ளச்சாவிக்கு அசையாத பூட்டு செய்கிறவர் எங்கள் தெருவில் இருக்கிறார். அவர் செய்வதும் புத்தாக்கம்தானே? அவரிடம் கம்ப்யூட்டரில் படம் போட்டுக் காட்டச் சொன்னால் எங்கே போவார்?

3. எங்களை உண்மையில் சாகடிப்பது டைதான் ஐயா. புது மாதிரிப் பூட்டு என்றால் தகடு வெட்டவும் லீவர் வெட்டவும் புது டை வேண்டும். நாங்கள் கேட்கும் துல்லியத்தில் அதைச் செய்து வாங்கக் கோயம்புத்தூருக்குத்தான் ஓடுகிறோம். ஏறக்குறைய 150 கிலோமீட்டர். விடியற்காலை பஸ் ஏறி, ஒட்டன்சத்திரம், தாராபுரம், பல்லடம் தாண்டிப் போய் நின்றால், பம்பு கம்பெனி வேலை முடியட்டும், இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஒரே ஒரு டை கேட்டு வருகிறவனுக்காகப் பெரிய ஆர்டரை யார் நிறுத்துவார்கள்? இரண்டு வாரம் கழித்து டை வருகிறது. தகட்டை வெட்டிப் பூட்டில் போட்டால் மயிரிழை கூடுதல். சாவி பாதி சுற்றில் நிற்கிறது. அரத்தால் ஒன்றிரண்டைச் சரி செய்யலாம், நூறு லீவரைத் தேய்த்துக்கொண்டிருக்க முடியுமா? மறுபடியும் பஸ். மறுபடியும் இரண்டு வாரம். பஸ் கட்டணம் போகட்டும், போகிற வருகிற நாளெல்லாம் கூலி இல்லை. போன வருடம் ஒரு கிடங்குக்காரர் புது மாதிரி ஷட்டர் பூட்டு கேட்டார். மாதிரி பிடித்திருந்தது, விலையும் ஒத்து வந்தது. மூன்றாவது தடவை டை சரியாகி வந்தபோது அவர் வேறு ஊர்ப் பூட்டை வாங்கி மாட்டிவிட்டார். அந்தப் பட்டறையில் அப்பாவோடு உட்கார்ந்திருந்த பையன் இப்போது நூற்பாலைக்கு வேலைக்குப் போகிறான். பூட்டு செய்யத் தெரிந்த கை, ஐயா. இனி யாருக்கு அதைச் சொல்லிக்கொடுப்பது?

கோயம்புத்தூர் மட்டும் எப்படி வளர்ந்தது? 1930களில் நீலகிரி பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது. 1937இல் அந்த ஊர்த் தொழிலதிபர்கள் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் மின்மோட்டார் செய்தார்கள். அதன்பின் தெருவுக்குத் தெரு பட்டறை. மின்சாரத்தை அரசு கொண்டுவந்தது, மீதியைப் பட்டறைக்காரன் பார்த்துக்கொண்டான். லூதியானாவில் சிறுதொழில்களுக்கென்றே மத்திய அரசின் கருவிக்கூடம் இருக்கிறது. நாங்கள் அவ்வளவு பெரிதாகக் கேட்கவில்லை. மெல்லிய கம்பியில் மின்பொறி விட்டு எஃகைத் துல்லியமாக வெட்டும் வயர் கட் இயந்திரம் ஒன்று, ஒரு மில்லிங் இயந்திரம், டை தெரிந்த ஒரு ஆள். வேலைக்கு இவ்வளவு என்று கட்டணம் வையுங்கள், கட்டுகிறோம். இலவசமாகக் கேட்கவே இல்லை.

4. ஒரே தொழில் செய்கிற சிறு பட்டறைகளுக்கான அரசின் தொழில் குழுமத் திட்டத்தில், எல்லோரும் பொதுவில் இயந்திரங்களைப் பயன்படுத்தும் பொது வசதி மையம் கேட்கலாமே என்றார்கள். சரி என்று போனோம். தனி நிறுவனம் பதிவு செய்யுங்கள், பங்குத்தொகை போடுங்கள், நிலம் காட்டுங்கள் என்கிறார்கள். வாரக்கூலிக்கு வேலை செய்கிறவர்கள் எந்த நிலத்தைக் காட்டுவோம்? காலியாகக் கிடக்கும் அரசுக் கட்டடம் ஒன்றை ஒதுக்கிப் பங்குத்தொகையில் சலுகை கொடுத்தால் வேலை தொடங்கிவிடும். ரெட்டியார்சத்திரம் அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் வரைபடம் போட்டுக் கொடுக்கட்டும். அவர்களுக்கும் பயிற்சி, எங்களுக்கும் உதவி.

5. டை கூடம் வேண்டும். அது ஒன்றுதான்.

கோபத்தில் வார்த்தை எங்காவது கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது தடவை எழுதுகிறோம், அதனால் வருகிறது. தயவுசெய்து இந்த மனுவை மறுபடியும் அதே அலுவலகத்துக்கு அனுப்பிவிடாதீர்கள். தாங்களே ஒரு நாள் நாகல்நகர் வாருங்கள். எந்த நாளானாலும் சரி. மயிரிழை தப்பிய அந்த லீவர்களைத் தூக்கிப் போடாமல் கோணிப்பையில் கட்டி வைத்திருக்கிறோம், எடுத்துக் காட்டுகிறோம். பார்த்துவிட்டு எங்களுக்கு ஒரு டை கூடம் அமைத்துத் தருமாறு மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நாகல்நகர் பூட்டுப் பட்டறைக்காரர்கள்

இணைப்பு: முந்தைய மனுவின் ரசீது நகல், குறுஞ்செய்தியின் நகல்.