மூன்றாம் படிவத்தோடு நின்றவர்கள்

பினாங்கு
ஞாயிறு மாலை

அன்புள்ள செல்வி,

உயிரோடு இருக்கும் ஒருத்திக்காக ஒரு மண்டபமே எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தியது. ஏற்பாடு செய்தவள் நான்தான். ஃபோனில் சொன்னால் பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுவாய், முழுக் கதையையும் சொல்ல விடமாட்டாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நம் பழைய மாணவியர் சங்கத்துக்கு என்னைச் செயலாளராக்கியது உனக்குத் தெரியும். தேர்ந்தெடுத்தார்கள் என்று பெருமையடிக்க ஒன்றுமில்லை, வேறு யாரும் கை தூக்கவில்லை. வேலை என்னவென்றால் கூட்டக் குறிப்பு எழுதுவது, ஆண்டுக் கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு அறிக்கை அனுப்புவது, சந்தா கட்டாதவர்களை நச்சரிப்பது. அப்புறம் வருடாந்திர விருந்து. அந்த விருந்தில் மறைந்த தோழியரின் படங்களைத் திரையில் காட்டலாம் என்று ஒரு யோசனை சொன்னேன். சொன்னவளே செய் என்றார்கள்.

நம் செட்டில் பெரிய லெட்சுமி 2021-ல் கொரோனாவில் போய்விட்டாள். உனக்கு நான்தான் சொன்னேன். லெட்சுமி ஏ/பி முனியாண்டி, அதாவது முனியாண்டி மகள். நம் வகுப்பில் இரண்டு லெட்சுமி, இரண்டு பேருக்கும் அப்பா பெயர் முனியாண்டி. பிறப்புப் பத்திரம் எழுதிய குமாஸ்தா கிராணியின் புண்ணியத்தில், ஆங்கிலத்தில் எழுதினால் ஒருத்தி பெயர் ஐ-யில் முடியும், இன்னொருத்தி பெயர் ஒய்-யில் முடியும், அவ்வளவுதான் வித்தியாசம். பெரிய லெட்சுமியின் இப்போதைய படம் யாரிடமும் கிடைக்கவில்லை. வீட்டில் கிடந்த மூன்றாம் படிவ வகுப்புப் படத்தை எடுத்து, கீழே அச்சிட்டிருந்த பெயர்களை இடமிருந்து எண்ணி, முகத்தை வெட்டிக் கொடுத்தேன். வெட்டியது சின்ன லெட்சுமியின் முகம். வருஷக்கணக்கில் ஒரே வகுப்பில் இருந்தவள் நான், எனக்கே அடையாளம் தெரியவில்லை பார்.

விருந்துக்கு வந்திருந்த இளைய செட்டுப் பெண் ஒருத்தி சின்ன லெட்சுமிக்கு அண்ணன் மகளாம். திரையை ஃபோனில் படம் பிடித்து அத்தைக்கு அனுப்பிவிட்டாள். மூன்றாம் நாள் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"நான் லெட்சுமி பேசுறேன். செத்துப்போன லெட்சுமி."

எனக்கு வாய் வரவில்லை. அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள்: "இத்தன வருஷத்துல சங்கத்துலேர்ந்து எனக்கு ஒரு கடுதாசி வந்ததில்ல. செத்த பிறகுதான் கூப்பிட்டிருக்கீங்க."

அன்று ராத்திரி சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். உண்மைதான், அவள் பெயர் அதில் இல்லை. விலக்கி வைக்கவில்லை. நம் சட்ட விதிப்படி இந்தப் பள்ளியில் படித்த யாரும் சேரலாம். ஆனால் பதிவேட்டை முதன்முதலில் தயாரித்தவர்கள் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். எழுதியவர்களின் பட்டியலை வைத்துத் தயாரித்திருக்கிறார்கள். கைக்கு எளிதாகக் கிடைத்தது அதுதான் போலிருக்கிறது. 1984-ல் ஐந்தாம் படிவம் முடித்த நாம் எல்லாரும் "84 செட்". 1982-ல் மூன்றாம் படிவத் தேர்வான எஸ்.ஆர்.பி. தேறாமல் அதோடு நின்றவர்கள் எந்தச் செட்டும் இல்லை.

அதிலும் நம் ரிமூவ் வகுப்புக் கூட்டத்தை நினைத்துப் பார். தேசியப் பள்ளியில் படித்தவர்கள் நேராக முதலாம் படிவத்துக்கு வந்தார்கள். தமிழ்ப்பள்ளியிலிருந்தும் சீனப்பள்ளியிலிருந்தும் வந்த நாம் 1979 முழுக்க ரிமூவில் உட்கார்ந்து மலாய் படித்தோம். எல்லாரையும்விட அந்தப் பள்ளியில் ஒரு வருஷம் அதிகம் இருந்தவர்கள் நாம்தான். மூன்றாம் படிவத்தில் அதிகமாக உதிர்ந்ததும் அந்தக் கூட்டம்தான். அன்று ரிமூவில் என்னோடு உட்கார்ந்தவர்களை விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். பாதிப் பேர்கூட பதிவேட்டில் இல்லை.

பள்ளியின் துணைத் தலைமையாசிரியர் நல்ல மனிதர். பள்ளி விடுமுறையில் அலுவலகத்தில் உட்கார்ந்து பழைய சேர்க்கைப் பதிவேடுகளைப் பார்க்க அனுமதித்தார். நகல் எடுக்கக் கூடாது, பெயரும் வருஷமும் மட்டும் குறித்துக்கொள்ளலாம் என்றார். அது நியாயம்தான். அந்தப் புத்தகத்தில் கடைசிப் பத்தி, பள்ளியை விட்ட காரணம். சிலருக்கு 'பிண்டா' என்று எழுதியிருக்கிறது, இடம் மாறிவிட்டார்களாம். மற்றவர்களுக்கெல்லாம் 'பெர்ஹெந்தி', நின்றுவிட்டார்கள். ஏன் நின்றார்கள் என்று ஒரு சொல் கிடையாது. அங்கே உட்கார்ந்திருந்தபோது நம் ஊர் லைட் ஸ்திரீட் கான்வென்ட் பள்ளி ஞாபகம் வந்தது. 1943-ல் ஜப்பானியர் அதைச் சிறையாக வைத்திருந்தபோது கிரெனேடியர் நீர்மூழ்கிக் கப்பலின் அமெரிக்க மாலுமிகள் சுவரில் தங்கள் பெயரைக் கீறிவிட்டுப் போனார்கள் அல்லவா? அந்தப் பெயர்களை இன்றும் பார்க்கிறார்கள். நம் பெஞ்சில் பெயர் கீறியவர்கள் எங்கே என்று நாம் கேட்டதே இல்லை.

முகவரி இருந்தாலும் பயனில்லை, செல்வி. பினாங்குத் தெரு, மார்க்கெட் தெரு, குயின் தெரு என்று கடைவீட்டு மாடிகளாகத்தான் இருக்கின்றன. வாடகைக் கட்டுப்பாடு 1999 கடைசியில் முடிந்ததும் அந்த மாடிகள் காலியானது உனக்குத் தெரியும், நீ அப்போதே கோலாலம்பூர் போய்விட்டாய். மாதம் சில பத்து வெள்ளி (ரிங்கிட்) கொடுத்துக்கொண்டிருந்த குடும்பங்களால் புது வாடகை கொடுக்க முடியவில்லை. ஆயர் ஈத்தாம், பாயான் பாரு, கடல் தாண்டி பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் என்று சிதறினார்கள். 2008-ல் யுனெஸ்கோ பட்டம் வந்தபோது அந்த மாடிகளில் நம் ஆட்கள் அதிகம் இல்லை. இப்போது அங்கே காப்பி விற்கிறார்கள், ஒரு கோப்பை பதினைந்து வெள்ளி.

பெயரை வைத்துத் தேடுவதும் ஒரு கூத்து. நம் பெண்களுக்குக் கல்யாணமானாலும் அடையாள அட்டையில் அப்பா பெயர்தான், அது ஒரு வசதி. ஆனால் முகநூலில் எல்லாரும் கணவர் பெயரோடு இருக்கிறார்கள், முகத்துக்குப் பதில் ரோஜாப்பூ அல்லது பேரப்பிள்ளை. சீனத் தோழிகள் நடுவில் ஓர் ஆங்கிலப் பெயர் வைத்துக்கொண்டார்கள். முன்பெல்லாம் தமிழ்ப் பத்திரிகையில் நினைவஞ்சலி விளம்பரம் பார்ப்பேன். அம்மாவோ அப்பாவோ இறந்தால் கீழே மகள், மருமகன் பெயரெல்லாம் வரும், இன்னார் இங்கே இருக்கிறாள் என்று தெரிந்துவிடும். 2019-ல் தமிழ் நேசன் நின்றதும் அந்த வழியில் பாதி அடைபட்டது.

சரி, லெட்சுமி கதைக்கு வருகிறேன். போன சனிக்கிழமை ஃபெர்ரியில் பட்டர்வொர்த் போய், அங்கிருந்து கொம்யூட்டர் ரயிலில் புக்கிட் மெர்தாஜாம் போனேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டிருந்தாள், அந்த வகுப்புப் படத்தின் ஒரு பிரதி. "அப்ப வாங்க காசு இல்ல. வேணாம்னு சொல்லிட்டேன்" என்றாள். எத்தனை வெள்ளி இருந்திருக்கும் செல்வி அந்தப் படம்? பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டுக் கொண்டுபோனேன். குற்ற உணர்ச்சிதான், வேறென்ன.

எஸ்.ஆர்.பி. முடிவு வந்த மறு மாதமே பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள், வயதைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லி. மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு ராத்திரி ஷிஃப்ட். நாம் எஸ்.பி.எம்.முக்குப் படித்துக்கொண்டு அழுத நாளெல்லாம் அவள் தம்பிகளுக்குப் புத்தகம் வாங்கிக்கொண்டிருந்தாள். முப்பத்தோரு வருஷம் ஒரே ஆலை. ஆள் குறைத்தபோது கிடைத்த பணத்தில் வீட்டுக் கடனை அடைத்துவிட்டாள். ஒரு மகள் மருந்தாளர்.

இனிமேல்தான் விஷயமே. படத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாக விரல் வைத்தாள். "இது சரசு, பிறை பக்கம். இது மணியம்மை, கணவர் தவறிட்டார், மகனோட கூலிம்ல இருக்கா. இது மெய் லிங், என் லைன்லதான் இருந்தா." நான் மூன்று நாள் பதிவேட்டில் கண்ணைத் தேய்த்துக் கண்டுபிடித்த பெயர்களில் பதினொரு பேரின் ஃபோன் எண் அவளிடம் இருக்கிறது. ஆலை பஸ்ஸில் ஆரம்பித்த பழக்கம், யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் விடாமல் போயிருக்கிறார்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில் வருஷா வருஷம் ஒரே இடத்தில் சந்திப்பார்களாம். நானும் வருஷா வருஷம் அந்தப் பாதையில்தான் போகிறேன், எத்தனை முறை ஒருவரையொருவர் தாண்டிப் போயிருப்போமோ. சங்கம், தலைவர், பொருளாளர், பதிவு எண் ஒன்றும் கிடையாது.

இதைச் செயற்குழுவில் சொன்னேன். அடுத்த வருஷம் ஹோட்டல் வேண்டாம், பள்ளிக் கேண்டினிலேயே ஒரு ஞாயிறு தேநீர் வைப்போம், ஆளுக்குப் பதினைந்து வெள்ளி போதும் என்றேன். தலைவிக்குப் பிடிக்கவில்லை. ஹோட்டல் விருந்துக்கு 180 வெள்ளி டிக்கெட், மேசைக்குப் பத்துப் பேர், அதில் மிஞ்சுவதில்தான் வசதியில்லாத மாணவிகளுக்குப் பண உதவி போகிறது என்கிறார். பொய்யில்லை. கணக்குப் புத்தகம் என் மேசையில்தான் இருக்கிறது. ஆனால் லெட்சுமி போன்றவள் 180 வெள்ளி கொடுத்து, தன்னை யாரென்றே தெரியாதவர்கள் நடுவில் வந்து உட்காருவாளா? காசு இல்லாமல் இல்லை, மகள் தருவாள். "நீ என்ன பண்றே?" என்று எல்லாரும் அட்டையை நீட்டும் இடத்துக்கு எதற்குப் போக வேண்டும்? நானே முதல் விருந்தில் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தேன், நீ பக்கத்தில் இருந்ததால் தப்பித்தேன். கடைசியில் இரண்டும் இருக்கட்டும் என்று முடிவானது. என் தேநீருக்குச் சங்கம் காசு தராது. போகட்டும்.

இன்னொரு வாதமும் வந்தது. பள்ளிக் கட்டடத்தைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை, ஆளைத் தேடுவது அப்புறம் என்றார் ஒருவர். கோலாலம்பூர் கோன்வென்ட் புக்கிட் நானாஸை எடுத்துக் காட்டினார். 1899-லிருந்து இருக்கும் பள்ளி, 2021-ல் நிலக் குத்தகை முடியப்போகிறது என்றதும் பழைய மாணவிகள் எத்தனை பேர் குரல் கொடுத்தார்கள், இன்னும் 60 வருஷத்துக்கு நீட்டித்தார்களே என்றார். சரிதான். நான் அதே ஊர் புக்கிட் பிந்தாங் பெண்கள் பள்ளியைச் சொன்னேன். 1893-ல் தொடங்கிய பள்ளி. 2000-ல் சேராசுக்கு மாற்றி, பெயரையும் மாற்றி, பழைய கட்டடத்தை இடித்தே விட்டார்கள். நீ தீபாவளிக்குப் புடவை பார்த்துக்கொண்டு சுற்றும் பெவிலியன் பேரங்காடி அந்த நிலத்தில்தான் நிற்கிறது. ஆனால் அந்தப் பள்ளிப் பெண்கள் இன்னும் ஒன்றுகூடுகிறார்கள், பள்ளிப் பாட்டைப் பாடுகிறார்கள். உன் அண்டைவீட்டு ஆன்ட்டி ஒருத்தர் போதாதா சாட்சிக்கு, பத்து நிமிடம் பேசினால் எட்டு நிமிடம் அந்தப் பள்ளிதான். கட்டடம் இருந்தால் நல்லது, நானும் பெயின்ட் அடிக்கக் காசு கொடுக்கிறேன். ஆனால் வகுப்பறையைவிட வகுப்பில் இருந்தவர்கள் சீக்கிரம் காணாமல் போகிறார்கள் என்று பட்டதைச் சொன்னேன். நமக்கு அடுத்த வருஷம் அறுபது ஆகிறது, செல்வி. அஞ்சலிப் படங்களின் எண்ணிக்கை இனி ஏறத்தான் செய்யும்.

இப்போது படித்து வெளியேறும் பிள்ளைகள் சங்கத்தில் சேருவதில்லை என்று எல்லாரும் புலம்புகிறார்கள். எனக்கு அதில் பெரிய கவலை இல்லை. அவர்கள் ஒருவரையொருவர் தொலைத்ததே இல்லை, கையிலேயே வைத்திருக்கிறார்கள். தொலைத்தால் வருவார்கள்.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். லெட்சுமிக்கே இருப்பிடம் தெரியாத மூன்று பேர் உன் பக்கம் இருப்பதாகக் கேள்வி. ஒன்று புஷ்பா, ஃபெர்ரியில் உன்னோடு வந்தவள். பாலம் திறந்தது 1985-ல்தானே, அதுவரை நீங்கள் எல்லாரும் காலை ஆறு மணிக் கப்பல். அவள் செந்தூலில் காலையில் நாசி லெமாக் விற்கிறாள் என்று மணியம்மை சொல்கிறாள், எந்தத் தெரு என்று தெரியவில்லை. உனக்கு அவளைப் பார்த்தால் அடையாளம் தெரியும், இடது புருவத்தில் தழும்பு, கப்பல் படியில் விழுந்தது. நீதான் தள்ளிவிட்டாய் என்று இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறாளாம், அதையும் பேசித் தீர்த்துக்கொள். மற்ற இருவர் தேவி, சாந்தா. ஒருத்தி பிரிக்பீல்ட்ஸ் பக்கம் தையல் கடையில் இருந்தாள், அது பத்து வருஷத்துக்கு முந்திய செய்தி. கேட்டுப் பார்.

லெட்சுமி என்னைத் தன் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டாள். தினமும் காலை ஐந்தரைக்கு முருகர் படம், "இனிய காலை வணக்கம்" வந்துவிடுகிறது. உன் எண்ணையும் கேட்டாள். கொடுத்துவிட்டேன், திட்டாதே.

தேநீர் மார்ச் மாதப் பள்ளி விடுமுறையில். ரயில் டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடு, புஷ்பா கிடைத்தால் அவளுக்கும் சேர்த்து எடு.

உன்
ராஜி