சென்னைப் பயணம்: வருகிறவர்கள் முழுதும் படிக்கவும்

குன்னூர் நடைக்குழு நண்பர்களுக்கு வணக்கம்.

பிப்ரவரி இரண்டாம் வெள்ளி இரவு மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறுகிறோம். காலையில் சென்ட்ரல்.

பேய்த்தெரு என்று எல்லோரும் கேட்கிற ஆழ்வார்பேட்டை டிமான்டி காலனிக்குச் சனி மாலை போவோம். தெருவோடு நடந்து வருவதோடு சரி, வீட்டு வாசல்களில் நின்று படம் எடுக்க வேண்டாம். அதைவிட என் மனதைப் பிசைவது அடையாறு முகத்துவாரத்து உடைந்த பாலம்தான். 1977 வெள்ளத்தில் உடைந்தது. நடந்துகொண்டே இருப்போம், சட்டென்று பாதை முடிந்துவிடும். கீழே கலங்கல் தண்ணீர், நீட்டி நிற்கும் துருக்கம்பி. போலீஸ் போகக் கூடாது என்றால் மறுபேச்சில்லாமல் திரும்பிவிடுவோம்.

ஞாயிறு விடியலில் எலியட்ஸ் கடற்கரை. அங்குள்ள ஷ்மிட் நினைவுச்சின்னம், 1930இல் கடலில் தத்தளித்தவரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க்காரருக்கு எழுப்பியது. பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள்.

அப்புறம் கோவளம் பக்கம், கூட்டமில்லாத மணல். நம் பிள்ளைகளுக்கு அட்டைக்கடி தெரியும், அலையின் இழுப்பு தெரியாது. கணுக்காலுக்கு மேல் யாரும் இறங்க வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். ஆமைகள் முட்டையிடும் காலம் என்பதால் இருட்டில் டார்ச் அடிக்காதீர்கள்.

ஸ்வெட்டர் மேட்டுப்பாளையம் வரைதான் தேவைப்படும். டிக்கெட் எடுக்க, பெயரும் வயதும் இந்தப் புதனுக்குள் இங்கேயே போடுங்கள்.