கறவைக்குப் போடும் ஊசி

ஆசிரியர் அவர்களுக்கு,

மாடு பாலை இறக்குவதற்காக ஆக்ஸிடோசின் ஊசி போட்டுக் கறந்த பாலைக் குடித்தால் குழந்தைகளுக்கு என்ன ஆகும் என்றே பலரும் கேட்கிறார்கள். ஒன்பது அமினோ அமிலங்களால் ஆன அந்தச் சிறு ஹார்மோன் வயிற்றில் செரித்துச் சிதைந்துவிடும் என்பதால், நாம் முதலில் கவலைப்பட வேண்டியது கறவையைப் பற்றித்தான்.

மடியில் பால் ஊறுவதற்குப் புரோலாக்டின், வளர்ச்சி ஹார்மோன் முதலியவை காரணம். மடியைப் பொறுத்தவரை, ஊறிய பாலை வெளியே தள்ளுவது மட்டுமே ஆக்ஸிடோசினின் வேலை. பசுவின் மடியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குப் பால்தான் காம்புக்கு மேலுள்ள அறையில் இருக்கும். எஞ்சியது, பால் ஊறும் நுண்ணறைகளில் தேங்கி நிற்கும். கன்று முட்டி ஊட்டும்போது அந்தத் தூண்டல் நரம்பு வழியே மூளையை எட்ட, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி ஆக்ஸிடோசினை இரத்தத்தில் விட, ஒரு நிமிட அளவில் நுண்ணறைகளைச் சுற்றியுள்ள செல்கள் சுருங்கி மாடு சுரப்பு விடுகிறது. கன்று இறந்த மாட்டின் முன் வைக்கோல் கன்றை நிறுத்தும் பழைய வழக்கமும் இதே தூண்டலை நம்பியதுதான். அடித்து மிரட்டினால், அச்சத்தில் சுரக்கும் அட்ரினலின் குறுக்கிட்டுப் பால் இறங்காது. பழி மாட்டின் மீது விழும்.

ஈனும் வேளையில் கருப்பையைச் சுருக்கும் இதே ஹார்மோன், மூளைக்குள்ளும் வெளிப்பட்டுத் தாய்மை நடத்தையைத் தூண்டுகிறது. இது செம்மறியாட்டில் நன்கு ஆராயப்பட்டிருக்கிறது. ஈன்ற ஓரிரு மணி நேரத்தில் தாய் ஆடு தன் குட்டியின் வாடையைப் பழகிக்கொண்டு, அதன்பின் அயல் குட்டியை முட்டித் தள்ளும். பெண்மை ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் கொடுக்கப்பட்ட, சினையில்லாத ஆடுகளின் மூளைக்குள் ஆக்ஸிடோசினைச் செலுத்தியபோது அவையும் குட்டியை நக்கி ஏற்றுக்கொண்டன. இரத்தத்தில் ஏற்றும் ஊசி மருந்தோ மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை. அது மடியை மட்டும் பிழியும். நாள்தோறும் ஊசிக்குப் பழகிய மாடு, ஊசி இல்லாதபோது முழுமையாகச் சுரப்பு விடுவதும் குறைகிறது.

கறவையின் உடல்நலத்துக்குக் கேடு தரும்படி, பாலுக்காக ஊசி போடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். மனிதருக்கும் கால்நடைக்கும் பயன்படும் இந்த மருந்தைத் தனியார் தயாரிக்க 2018-இல் மத்திய அரசு விதித்த தடையைத் தில்லி உயர் நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பரிலேயே நீக்கியது. பேறுகால இரத்தப்போக்கை நிறுத்தித் தாய்மாரைக் காக்கும் மருந்து என்பதால் அத்தீர்ப்பு சரியென்றே கருதுகிறேன். தடுக்க வேண்டியது, மருத்துவர் சீட்டின்றி, பெயர்ச்சீட்டுகூட இல்லாத புட்டிகளில் நடக்கும் விற்பனையை. அத்துடன், நாள்தோறும் ஒரே நேரத்தில், பழகிய கையால், காம்பைத் தடவிச் சுரப்பு விட்டதும் தாமதமின்றிக் கறந்து முடிக்கும் முறையைப் பால் கூட்டுறவுச் சங்கங்கள் வாயிலாகக் கறவையாளர்களுக்குக் கற்றுத்தர, கால்நடை பராமரிப்புத் துறை ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், நாமக்கல்